நான்கு நட்டும் நான்கு வரியும்

நாவலூரில் ராஜீவ் காந்தி சாலையை ஒட்டி நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் நடப்பது மென்பொருள் வேலை. அங்கிருந்து கேளம்பாக்கம்–வண்டலூர் சாலையைப் பிடித்து ஜிஎஸ்டி சாலைக்குப் போய்த் தெற்கே திரும்பினால் மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், ஒரகடம் என்று காரும் கார் உதிரிபாகமும் செய்யும் ஊர்கள் வந்துவிடும். இந்த இரண்டு உலகத்துக்கும் பொதுவாக ஒரு தாள் இருக்கிறது. தொழிற்சாலையில் அதை ‘ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்றும் ‘எஸ்ஓபி’ என்றும் சொல்வார்கள்; லேமினேட் செய்து மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். மென்பொருள் அலுவலகத்தில் அதற்கு ‘ரன்புக்’ என்று பெயர். இரவு ஷிப்டில் சர்வர் படுத்துவிட்டால் திறந்து பார்க்க வேண்டியது அது. செய்முறைக் குறிப்பு என்று இங்கே பொதுவாக அழைக்கிறேன். தர மேலாண்மை முறை என்ற பெரிய கோபுரத்தில் கொள்கை, கையேடு, நடைமுறை எல்லாம் மேல் நிலைகளில் இருக்க, தரையைத் தொடும் படி இதுதான். ஆனால் பெரும்பாலான இடங்களில் இந்தத் தாளை எழுதுகிறவர் மனதில் இருப்பது வருடத்துக்கு ஓரிரு முறை வரும் ஆடிட்டர். தினமும் அதன் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிற ஆபரேட்டர் அவர் மனதில் இல்லை. இந்த இடமாற்றம்தான் குறிப்பைப் பயனற்றதாக்குகிறது. சில நேரங்களில் ஆபத்தானதாகவும் ஆக்குகிறது. நினைவைப் பற்றியும் மொழியைப் பற்றியும் அறிவியல் கண்டிருப்பவை இதைத்தான் காட்டுகின்றன.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். சிறிய கார் ஒன்றின் சக்கரத்தை மாட்டி நான்கு நட்டை இறுக்குவது. இதற்கு வழக்கமான குறிப்பு எப்படி இருக்கும்? ‘அனைத்து வீல் நட்டுகளும் குறிப்பிட்ட முறுக்குவிசை மதிப்பிற்கு ஏற்றவாறு முறையாக இறுக்கப்பட வேண்டும்’ என்று இருக்கும். இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் புதிதாக வந்தவருக்கு இது ஒன்றையும் சொல்லித் தரவில்லை. எந்த நட் முதலில்? எதை வைத்து இறுக்குவது? போதும் என்று எப்படித் தெரியும்? யார் செய்ய வேண்டும் என்பதைக்கூட ‘இறுக்கப்பட வேண்டும்’ என்ற செயப்பாட்டு வினை மறைத்துவிடுகிறது. அதே வேலையை நான்கு வரியில் இப்படியும் எழுதலாம். ‘ஸ்டடிலோ நட்டிலோ எண்ணெய், கிரீஸ் இருந்தால் துணியால் துடைக்கவும். நான்கு நட்டையும் முதலில் கையால் ஏற்றவும். எதிரெதிர் நட்டாக, டார்க் ரெஞ்ச் டக் என்று சொல்லும் வரை இறுக்கவும். இறுக்கிய நட்டில் அப்போதே மஞ்சள் கோடு போடவும்; கோடு இல்லாத நட் இறுக்காத நட்.’

இந்த நான்கு வரியிலும் இன்னும் ஒன்று குறைகிறது: காரணம். முதல் வரியையே பாருங்கள். எண்ணெயைத் துடைக்கச் சொன்னால் அனுபவசாலி சிரிப்பார். இரும்புக்கு எண்ணெய் நல்லது என்பது வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் முதல் தையல் மெஷின் வரை நமக்குப் பழகிய அறிவு. அதனால் நல்லெண்ணத்தோடு ஒரு சொட்டு விட்டு இறுக்குகிறவர் நிச்சயம் இருப்பார். அங்கே என்ன நடக்கிறது என்பது இயற்பியல். நட்டைத் திருகும்போது, அது ஏறும் கம்பியான ஸ்டட் ஒரு ஸ்பிரிங்கைப் போல மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசைதான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நாம் கொடுக்கும் திருகு விசையில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், இன்னும் நாற்பது விழுக்காடு மரை உராய்விலும் போய்விடும். பத்து விழுக்காடுதான் இழுவிசையாக மாறுகிறது. இது பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. டார்க் ரெஞ்ச் அளப்பதோ மொத்தத் திருகு விசையை. இழுவிசையை அதனால் பார்க்க முடியாது. எண்ணெய் பட்டு உராய்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், ரெஞ்ச் அதே அளவில் ‘டக்’ என்று சொல்லும்; ஆனால் இழுவிசை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கும். ஸ்டட் தன் எல்லையைத் தாண்டி இழுபட்டுவிடலாம். கருவி சரி என்று சொல்கிறது, பேப்பரில் பதிவு சரியாக இருக்கிறது, சக்கரம் மட்டும் சரியாக இல்லை. இந்தக் காரணத்தைக் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்தால் எண்ணெய் டப்பாவை நோக்கிப் போகும் கை நிற்கும். சேர்க்காவிட்டால், துடைக்கச் சொன்ன வரி யாரோ மேலிடத்தில் இருப்பவர் போட்ட தேவையில்லாத கட்டளையாகத் தெரியும். அவசரத்தில் முதலில் விடுபடுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

இருபது வருடமாக நட் இறுக்குகிறவருக்குக் குறிப்பு எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. திறமை இல்லாதவருக்குத்தான் தாள் தேவை என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. மனித நினைவைப் பற்றி நமக்குத் தெரிந்தது இதற்கு நேர் மாறானது. ஒரே நேரத்தில் மனதில் ஏந்தி வைத்துக்கொள்ளக்கூடிய தனித்தனிச் செய்திகள் ஏறத்தாழ ஏழு என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நான்குதான் என்று 2001-இல் நெல்சன் கோவன் அதைக் குறைத்தார். பழகிய கை இந்தச் சிறிய இடத்தை நம்பி வேலை செய்வதில்லை என்பது உண்மைதான். செயல் தானாக ஓடுகிறது. ஆனால் தானாக ஓடுவதாலேயே, நடுவில் யாராவது கூப்பிட்டாலோ டீ மணி அடித்தாலோ, திரும்பி வரும்போது ஒரு படி முன்னால் போய் நின்று தொடங்கிவிடுகிறது. விட்டுப்போன படி விட்டுப்போனது என்றே தெரியாது. குறிப்பாக, முக்கிய வேலை முடிந்த பிறகு செய்ய வேண்டிய சின்ன வேலைதான் அதிகம் மறக்கும். ஏடிஎம்மில் பணத்தை எடுத்துக்கொண்டு கார்டை விட்டுவிட்டு வருவது இந்த வகை. நோக்கம் நிறைவேறியதும் மனம் அந்தக் காரியத்தை மூடிவிடுகிறது. மஞ்சள் கோட்டை ‘எல்லாம் முடிந்த பிறகு’ போடச் சொல்லாமல் ‘அப்போதே’ போடச் சொல்வதன் பொருள் இதுதான்.

திறமைசாலிக்கும் தாள் தேவை என்பதற்கு 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் நடந்த விபத்து பழைய சான்று. போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற நான்கு எஞ்சின் விமானம் சோதனைப் பறப்பில் கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது, இருவர் இறந்தார்கள். ஓட்டியவர் மிகுந்த அனுபவம் உள்ள ராணுவ விமானி. தரையில் நிற்கும்போது காற்றில் வால் பகுதி ஆடாமலிருக்கப் போடும் பூட்டைக் கழற்ற மறந்துவிட்டார்கள். எந்திரத்தில் கோளாறு இல்லை, கைத்திறனிலும் குறை இல்லை; நினைவில் வைக்க வேண்டியவை ஒரு தலைக்குள் அடங்காத அளவுக்குப் பெருகிவிட்டன. அதற்குப் பிறகு வந்ததுதான் விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல். விமானம் எப்படிப் பறக்கிறது என்று அந்தப் பட்டியல் விளக்கவில்லை. மறந்தால் உயிர் போகும் சில படிகளை மட்டும் சொன்னது. எழுதுவதற்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது மொழி. இதில் நாம் தமிழ்நாட்டில் கவனிக்காமல் விட்டது நிறைய. கார் தொழிலுக்கான உலகத் தர நெறியான ஐஏடிஎஃப் 16949, தன் 2016 பதிப்பில், இந்தக் குறிப்புகளுக்கு நான்கு நிபந்தனைகளை வைக்கிறது: வேலை செய்கிறவரிடம் போய்ச் சேர்ந்து அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், படிக்கத் தெளிவாக இருக்க வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், வேலை நடக்கும் இடத்திலேயே கைக்கு எட்ட வேண்டும். பாதுகாப்பு விதிகளும் அதிலேயே சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. ஆக, ஆங்கிலத்தில் மட்டும் தொங்கும் குறிப்பு தமிழ் படித்த ஆபரேட்டரின் முன்னால் இருந்தால், அது நல்லெண்ணக் குறைவு மட்டுமல்ல, நெறிமீறலும் கூட. இருந்தும் பல இடங்களில் ஆங்கிலம்தான் தொங்குகிறது. தமிழில் இருந்தாலும், அது ஆங்கிலத்தை வரிக்கு வரி பெயர்த்த தமிழாக இருக்கிறது.

இங்கே தமிழின் அமைப்பு நமக்கு ஒரு வசதியைத் தந்திருக்கிறது. ‘துடைத்து, கையால் ஏற்றி, ரெஞ்சால் இறுக்கி, கோடு போடவும்’ என்று வினையெச்சங்களை அடுக்கும்போது சொல்லின் வரிசையும் செயலின் வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் ‘இறுக்கு, துடைத்த பிறகு’ என்று தலைகீழாகச் சொல்வது இயல்பு. வரிசை மாறினால் புரிதல் இடறும் என்பது பழைய ஆய்வு முடிவு. 1971-இல் மொழியியலாளர் ஈவ் கிளார்க் சிறு குழந்தைகளிடம் ‘முன்’, ‘பின்’ வரும் வாக்கியங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, சொன்ன வரிசையிலேயே நடந்ததாக அவர்கள் எடுத்துக்கொள்வதைக் கண்டார். பெரியவர்கள் அர்த்தத்தைச் சரியாகப் பிடித்துவிடுவார்கள். ஆனால் சத்தமும் அவசரமும் உள்ள லைனில் அந்தச் சிறு உழைப்புகூட ஒரு சுமைதான். ‘ரெஞ்சால் இறுக்குவதற்கு முன் நட்டுகள் கையால் ஏற்றப்பட்டிருப்பதையும் அதற்கு முன் அவை துடைக்கப்பட்டிருப்பதையும் உறுதி செய்யவும்’ என்ற மொழிபெயர்ப்பு, நம் மொழி இயல்பாகவே தரும் வரிசையைக் கலைத்துப்போடுகிறது.

தமிழில் எழுது என்றால் தனித்தமிழ்க் கலைச்சொல்லில் எழுது என்று பொருள் கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பாடநூலில் முறுக்குவிசை என்ற சொல் வேண்டும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் லைனில் நிற்கிறவர் ‘டார்க் பார்த்தியா?’ என்றுதான் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார். அவர் வாயில் புழங்காத சொல்லைத் தாளில் போட்டால், ஆங்கிலத்தில் எழுதியதற்கும் தமிழில் எழுதியதற்கும் அவருக்கு வித்தியாசம் இல்லை. நட், டார்க், ஜிக், ஷிப்ட் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கட்டும். வாக்கியம் தமிழாக இருந்தால் போதும்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இன்று லைனில் நிற்பவர்கள் தமிழர்கள் மட்டுமல்ல. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் என்று பல ஊர்ப் பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்திருக்கிறார்கள். எத்தனை மொழியில் எழுதுவது, பேசாமல் ஆங்கிலத்தில் வைத்தால் எல்லோருக்கும் பொதுவல்லவா என்பார்கள். எல்லோருக்கும் பொதுவாகப் புரியாதது பொது மொழி ஆகாது. பதில் அவ்வளவு கடினமும் இல்லை. குறிப்பு நான்கு வரியாக இருந்தால் மூன்று மொழியில் எழுதினாலும் பன்னிரண்டு வரிதான். நாற்பது வரியாக இருப்பதால்தான் மொழிபெயர்ப்பு மலையாகத் தெரிகிறது. மேலும், இந்தியும் வங்காளமும் ஒடியாவும் தமிழைப் போலவே ‘செய்துவிட்டு, செய்துவிட்டு, செய்’ என்று அடுக்கி வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள். தமிழில் இயல்பாக எழுதிய குறிப்பு அந்த மொழிகளுக்கு ஆங்கில வழியை விட நேராகவே போகும். படம் போட்டால் போதுமே என்பார்கள். படம் எந்த நட், எந்தத் திசை, ரெஞ்சை எங்கே பிடிப்பது என்பதையெல்லாம் சொல்லை விட நன்றாகக் காட்டும். அதற்கு மாற்று இல்லை. ஆனால் ‘எண்ணெய் இருந்தால்’ என்ற நிபந்தனையையும், ‘ஏன்’ என்ற காரணத்தையும் படத்தால் சொல்ல முடியாது.

அப்படியானால் யார் எழுதுவது? செயல்முறையை வடிவமைத்த பொறியாளருக்குத்தான் எல்லாம் தெரியும், அவரே எழுதட்டும் என்பது வழக்கம். எல்லாம் தெரிந்திருப்பதே அவருடைய சிக்கல். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். சிலர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட, கேட்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது மூன்றுதான். தட்டுகிறவர் காதில் பாட்டு முழுதாக ஓடுகிறது; கேட்பவருக்கோ டொக் டொக் மட்டும். பொறியாளர் எழுதும் குறிப்பிலும் அவர் மனதில் ஓடும் பாட்டு தாளில் இறங்குவதில்லை. ‘முறையாக’, ‘தேவைக்கேற்ப’, ‘சரியான அளவில்’ என்ற சொற்கள் எல்லாம் அந்த டொக் டொக்தான்.

லைனில் நல்ல கைக்காரர் என்று பெயர் எடுத்தவரும் தன் கை அறிந்ததைச் சொல்லில் எடுக்கத் திணறுவார். சொல்லக்கூடியதை விட நமக்கு அதிகம் தெரியும் என்பதைத் தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி 1966-இல் வந்த ‘தி டேசிட் டைமென்ஷன்’ நூலில் விரித்துப் பேசினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவர்கள் சொல்லி வருவதும் இதைச் சார்ந்ததுதான். எழுத்தால் கைப்பழக்கத்தை முழுதாகத் தர முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் எழுத வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பழக்கமில்லாத லட்சக்கணக்கானவர்களைத் தொழிற்சாலைக்குப் பழக்க அமெரிக்கா நடத்திய டிடபிள்யூஐ பயிற்சித் திட்டம் இதற்கு வழி கண்டது. மேற்பார்வையாளர் வேலையைத் தானே செய்து பார்த்துக்கொண்டே, ஒரு பத்தியில் படிகளையும் பக்கத்துப் பத்தியில் ஒவ்வொரு படிக்கும் உள்ள சூட்சுமத்தையும் எழுதுவார். சூட்சுமம் என்ற நம் சொல்லே இதற்குச் சரியாகப் பொருந்துகிறது: வேலை கெட்டுப்போவது, கை காயப்படுவது, வேலை எளிதாவது எல்லாம் தீர்மானமாகும் இடம். ஏன் என்ற மூன்றாவது பத்தி பின்னாளில் சேர்ந்தது. போருக்குப் பிறகு இந்த முறை ஜப்பானுக்குப் போனது. டொயோட்டாவில் தைச்சி ஓனோ, வேலைத் தரத் தாளை மேலிருந்து இறக்கக் கூடாது, உற்பத்தி இடத்தில் இருப்பவர்களே எழுத வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அந்த மரபு சென்னைக்கும் வந்திருக்கிறது. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்கு ஜப்பான் தரும் டெமிங் பரிசை 1998-இல் பெற்றது. 2002-இல் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. ஆகவே இது ஏதோ தூர தேசத்துப் பழக்கம், நம் ஊருக்கு ஒத்துவராது என்று சொல்ல இடமில்லை.

தாள் ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொன்னால் அதற்கு எதிரான சான்றும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் 19 வரி கொண்டது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன என்று 2009-இல் ஆய்வு வந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகள் அதே வகைப் பட்டியலை ஏற்றபோது குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று 2014-இல் இன்னொரு ஆய்வு சொன்னது. உத்தரப்பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கான பட்டியலைப் பயிற்சியாளர்களோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. பட்டியலில் உள்ள செயல்கள் நடப்பது கூடியது, ஆனால் தாய்-சேய் இறப்பிலும் கடும் சிக்கல்களிலும் வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சியாளர் வருவது நின்றபின் செயல்களும் ஓரளவு குறைந்தன. இவற்றைக் குறிப்புகளுக்கு எதிரான தீர்ப்பாக எடுக்க முடியாது. டிக் போடுவது கடமையாகும் இடத்தில் தாள் வேலை செய்யாது; மருந்தும் கருவியும் திறமையும் இல்லாத இடத்தில் அவற்றுக்குப் பதிலாகத் தாளை வைக்கவும் முடியாது. நட் உதாரணத்துக்கே திரும்பினால், அளவு தவறிய டார்க் ரெஞ்சை வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல குறிப்பைப் படித்தாலும் நட் தவறாகத்தான் இறுகும்.

ஆடிட்டருக்காகத்தான் நீளமாக எழுதுகிறோம் என்ற சமாதானம் இன்று எடுபடாது. 1987-இல் வந்த ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மை நெறி, 2008 பதிப்பு வரை குறைந்தது ஆறு நடைமுறைகளையாவது எழுத்தில் வைத்தே தீர வேண்டும் என்றது. 2015 பதிப்பு அந்தக் கட்டாயத்தையும் தரக் கையேட்டுக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டது. எவ்வளவு எழுத வேண்டும் என்பதை வேலையின் சிக்கலும் செய்கிறவர்களின் திறனும் தீர்மானிக்கட்டும் என்றது. தடித்த கோப்பு இப்போது நம்முடைய பழக்கம், அந்த நெறியின் தேவை இல்லை.

நாவலூரின் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் இது பொருந்தும். 2017 ஜனவரி 31 அன்று இரவு கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் களைத்திருந்த ஒரு பொறியாளர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய தரவை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். இரண்டின் பெயரும் ஓர் எண்ணில் மட்டுமே வேறுபட்டன. காப்புப் பிரதி எடுக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பியிருந்தார்கள்; அது ஓடவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போனது. நிறுவனம் நடந்ததை முழுதாக வெளியிட்டது, யாரையும் பலிகடா ஆக்கவில்லை, அது பாராட்டுக்குரியது. ‘எந்த சர்வரில் நிற்கிறோம் என்று பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு அழிக்கவும்’ என்ற வரியும் துணியால் துடைக்கச் சொல்லும் வரியும் ஒரே குடும்பம்.

கடைசியாக ஒரு மறுப்பு, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. எல்லாவற்றையும் எழுதி வைத்தால் தொழிலாளி எந்திரமாகிவிடமாட்டாரா? மேலிருந்து இறங்கி வந்து, காரணம் சொல்லாமல், திருத்த வழி இல்லாமல் தொங்கும் குறிப்பு அவரை எந்திரம் ஆக்கத்தான் செய்யும். அவரே எழுதி, அவர் மொழியில் இருந்து, இதை விட நல்ல வழி கண்டால் அடுத்த வாரமே மாற்றலாம் என்றால், அது அவர் அறிவுக்குக் கிடைத்த பதிவு. அவர் வேலையை விட்டுப் போனாலும் அடுத்து வருபவர் விரலை நசுக்கிக்கொள்ளாமல் அந்த அறிவு காக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் சில மாதத்தில் மாறிக்கொண்டே இருக்கும் நம் தெற்குப் புறநகரில் இது சின்ன விஷயம் இல்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குறிப்பை எழுதி முடித்ததும் கையெழுத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். நேற்றுதான் லைனுக்கு வந்த ஒருவரிடம் அதைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எந்த வரியில் தாளை விட்டு நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியை அவரோடு சேர்ந்து திருத்துங்கள்.